ரைன்பெக் கம்பளிச் சந்தையில் ஒரு நாள்

கம்பளி நூலுக்கென்றே ஒரு சந்தை கூடுகிறது, அதற்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் காரோட்டி வருகிறார்கள் என்றால் நம் அன்பர்கள் பலர் நம்பமாட்டார்கள். நியூயார்க் மாநில ஆடு, கம்பளி விழா என்று அதற்குப் பெயர். ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாவது வார இறுதியில், நகரிலிருந்து வடக்கே சுமார் 100 மைல் தள்ளி, ரைன்பெக் என்ற சிற்றூரின் பொருட்காட்சித் திடலில் நடக்கிறது. சென்ற அக்டோபரில் சங்கத்துச் சிநேகிதிகள் நால்வரும், ஒருவருடைய மாமியாருமாக ஐவர் ஒரே வண்டியில் போய்வந்தோம். ஆட்டு விழா ஆகையால் ஆட்டுக்கறிக் கடைகளும் உண்டு. புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று.

வந்திருந்தவர்களில் பாதிப்பேர் தாமே பின்னிய ஸ்வெட்டர் அணிந்திருந்தார்கள். இந்த விழாவுக்கென்றே மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னுவார்களாம். ஒருவரையொருவர் நிறுத்தி, தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்து, "இது எந்த நூல்?" என்று விசாரிக்கிறார்கள். கல்யாண வீட்டில் நாம் புடவைத் தலைப்பைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

கொட்டகைகளில் ஆடுகள், அல்பாக்காக்கள், முயல்கள். அங்கோரா ஆட்டின் ரோமத்துக்கு மோஹேர் என்று பெயர். அங்கோரா என்று விற்பதோ முயலின் ரோமம். இதில் குழம்பாதவர்கள் குறைவு.

கத்தரித்த ரோமத்தை முழுசாக மூட்டை கட்டி விற்கிறார்கள். கையை விட்டால் பிசுபிசுக்கும். மெரினோ ரோமத்தைக் கழுவினால் எடையில் பாதிகூடப் போய்விடும். அந்தப் பிசுக்கிலிருந்து எடுப்பதுதான் லானோலின். டாக்டர் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குளிர்தேசத்தில் நம் நிறத்தவர்க்கு வைட்டமின் டி குறைவது சகஜம். அதற்கு நாங்கள் எழுதித் தரும் டி3 பெரும்பாலும் லானோலினில் உள்ள கொலஸ்ட்ராலைப் பிரித்து, பக்குவப்படுத்தி, புற ஊதாக் கதிர் பாய்ச்சித் தயாரிப்பது. "இது சைவமா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு: ரோமம் கத்தரிப்பதால் ஆடு சாவதில்லை. கவனிக்க வேண்டியது மருந்தின் மேலுள்ள ஜெலட்டின் உறையைத்தான்; அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. உறையில்லாத மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம். ஆட்டுரோமமும் வேண்டாம் என்பவர்களுக்குப் பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது.

சிநேகிதியின் மாமியாருக்கு எண்பது வயது. கணவர் காலமானபின் மகன் வீட்டுக்கு வந்தவர். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வீட்டில் தனியாக இருப்பார். பரிசோதித்ததில் உடம்பில் பெரிய வியாதி ஒன்றுமில்லை. பேச்சு மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்துவந்தது. அன்றும் மத்தியானம் வரை வாய் திறக்கவில்லை.

ஒரு கடையில் ஒரு பெண்மணி நின்றபடியே கதிர் சுழற்றி நூற்றுக்கொண்டிருந்தாள். அம்மாள் நின்றுவிட்டார். "தக்ளி!" என்றார். பிறகு என்னிடம், "டாக்டரம்மா, எங்க ஸ்கூல்ல தினம் ஒரு பீரியடு இதுதான். சிட்டம் கட்டிக் குடுத்தாத்தான் டீச்சர் விடுவாங்க." ஐம்பதுகளில் நம் ஊர்ப் பள்ளிகளில் தக்ளி இருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் பெண்மணி கதிரை அப்படியே அவர் கையில் கொடுத்தாள். பஞ்சு இழை குட்டை, முறுக்கு அதிகம் வேண்டும். கம்பளி இழை நீளம், குறைந்த முறுக்கே போதும். பழைய பழக்கத்தில் அம்மாள் முறுக்க, நூல் சுருண்டுகொண்டது. இரண்டாம் தரம் கை பிடிபட்டுவிட்டது. ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது, மற்றவருக்குத் தமிழ் தெரியாது. அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள்! ஒரு தக்ளியும் நாலு அவுன்ஸ் கம்பளியும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். திரும்பும் வழியெல்லாம் அவர் பேச்சுத்தான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஜனவரிப் பனியில் மறுபடி சோர்ந்துதான் போனார், மருந்தும் ஆரம்பித்தோம். ஆனால் அவரைப் போல நம் சங்கக் குடும்பங்களிலேயே பலர் இருப்பதை நான் அறிவேன். பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அழைத்து வந்தோம். குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், பெரியவர்கள் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை காலைகளில் கோயில் கீழ்த்தளக் கூடம் காலியாகத்தான் இருக்கிறது. நூற்கலாம், பூத்தொடுக்கலாம், சும்மா உட்கார்ந்து பேசலாம். கூடத்தைத் திறந்துவிட நிர்வாகக் குழு இசைந்துவிட்டது. பெரியவர்களை அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடத்தான் ஆள் வேண்டும். மாதம் ஒரு புதன்கிழமை காரோட்டக் கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.