தெரிவும் விடுப்பும்: வீடியோத் தொகுப்பில் ஒரு நுட்பம்

தமிழ் வாக்கியத்திற் செயப்படுபொருள் முன்னும் வினைமுற்றுப் பின்னும் நிற்றல் இயல்பு. கணினியில் வீடியோவைத் தொகுக்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் இம்முறையையே தழுவுகின்றன. முதலிற் காட்சித்துண்டைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்; அதன் பின்னரே நகர்த்துக, நீக்குக என்னும் ஏவல் பிறக்கும். செயப்படுபொருள் மயங்கின் ஏவலும் பிழைபடும்.

படச்சுருளை வெட்டி ஒட்டிய காலத்தில் இம்மயக்கத்துக்கு இடம் குறைவு. 1924 ஆம் ஆண்டில் ஐவன் செரூரியர் அமைத்த மூவியோலா என்னும் பொறியிலே தொகுப்பாளர் சுருளைத் தம் கையாற் பற்றியே தொழில் செய்தனர். 35 மில்லிமீற்றர்ச் சுருளில் அடிக்கு 16 படங்கள். செக்கனுக்கு 24 படம் வீதம் ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி. கையில் இருந்ததே தெரிவு. கீழே வைத்ததே விடுப்பு.

கணினியில் அவ்விரண்டுக்கும் தனித்தனி விதிகள் உள. விண்டோஸ் கணினியில் இயங்கும் பிறீமியர் புறோ என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். காலக்கோட்டிலே ஒரு துண்டைச் சுட்டியால் அழுத்தின் அது தெரிவாகும். முன்னர்த் தெரிவானது தானே விடுபடும். ஷிப்ட் விசையுடன் வேறொன்றை அழுத்தின் அதுவும் உடன்சேரும். அதனையே மீண்டும் அவ்வாறு அழுத்தின் அது மட்டும் விலகும். வெற்றிடத்திலிருந்து சுட்டியை இழுத்துக் கட்டமிடின் அதனுள் அகப்பட்டன யாவும் தெரிவாகும். பிணைக்கப்பட்ட படமும் ஒலியும் ஒருங்கே தெரிவாவன. அவற்றுள் ஒன்றையே வேண்டின் ஓல்ட் விசையுடன் அழுத்துக. எல்லாவற்றையும் விடுத்தற்குக் கொன்ட்றோல், ஷிப்ட் ஆகியவற்றுடன் 'ஏ' என்னும் எழுத்தை அழுத்துக.

விடுத்தல் வேறு, நீக்குதல் வேறு என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். விடுக்கப்பட்ட துண்டு தன் இடத்திலேயே நிற்கும். ஏவல் மட்டும் அதனைத் தீண்டாது.

இனி, விடுத்தலை மறத்தலால் நேரும் கேடு யாது? காலக்கோடு திரையினும் நீண்டது. முன்னர்த் தெரிவான துண்டு கண்ணுக்கு மறைந்து கிடப்ப, ஷிப்ட் விசையுடன் இன்னொன்றைச் சேர்த்து நீக்கின், இரண்டும் ஒருங்கே மறையும். ஒரு பரிசளிப்பு விழாவின் பதிவிலே தேவையற்ற இடைவேளையை நீக்க முயன்றவர், முதியவர் ஒருவரின் உரையையும் அறியாமலே நீக்கிவிடுதல் கூடும். மூலப்பதிவு அழியாது, செய்த செயலை மீட்டற்கும் வழியுண்டு. ஆயினும், காணாத பிழையை மீட்பவர் யார்? அவையோர் முன்னிலையிற் படம் ஓடும்போதே அது வெளிப்படும்.

ஆதலால், ஒவ்வொரு செயலும் முடிந்தவுடன் எல்லாவற்றையும் விடுத்து, அடுத்த துண்டைப் புதிதாகத் தெரிதலே நன்முறை. கொள்ளக் கற்றவன் விடுக்கவும் கற்றல் வேண்டும்.