குளிர்காற்று என்னும் பொய்ச்செய்தி

நண்பர் ஒருவரின் உந்துருளி பெரிய ஒற்றை உருளைப் பொறி கொண்டது. மூன்றாம் கியரில் மெல்லச் செல்கையில் திக்கித் திணறும். கைமுறுக்கைச் சற்றே திருகினால் ஒருகணம் தயங்கிப் பிறகு பாயும். அக்குறை தீர்க்க விரல்நீளக் கருவி ஒன்றை வாங்கி வந்தார். இரு கம்பிகள், நடுவே ஒரு மின்தடை. "இதை மாட்டுங்க சார், வண்டி வெண்ணெய் மாதிரி போகும்" என்றாராம் கடைக்காரர்.

ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில், உள்ளே பாயும் காற்றே தனக்குரிய எரிபொருளை உறிஞ்சிக்கொண்டது. இன்று அதை அளந்து கொடுப்பது கணிப்பொறி. நிமிடத்திற்கு 6000 சுற்றில் ஓடும் பொறியில், நொடிக்கு 50 முறை எரிபொருள் செலுத்தி திறந்து மூடுகிறது. அது திறந்திருக்கும் சில மில்லிநொடிகளே எரிபொருளின் அளவு. உள்ளே வரும் காற்றைக் கணிப்பொறி எடைபோடுவதில்லை. கைமுறுக்கின் கோணம், உள்வழி அழுத்தம், காற்றின் வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு உய்த்துணர்கிறது.

நண்பர் வாங்கிய கருவி கைவைப்பது அந்த வெப்பநிலையில்தான். காற்றின் வெப்பநிலையை அளக்கும் உணரியின் மின்தடையோடு தன் தடையையும் கூட்டி, 30 பாகைக் காற்றை 10 பாகை என்று காட்டுகிறது. குளிர்ந்த காற்று செறிவு மிக்கது. தனிவெப்பநிலைக் கணக்கில் 303ஐ 283ஆல் வகுத்தால், ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் எரிபொருள். இதில் மாயம் ஏதுமில்லை, கணக்கு சரியானதே.

ஆனால் புகைபோக்கியில் ஒரு காவலர் இருக்கிறார். பணிமனைகளில் 'ஓ2 சென்சார்' எனப்படும் உயிர்வளி உணரி அது. எரிந்த புகையில் உயிர்வளி மிஞ்சினால் ஏறத்தாழ 0.1 வோல்ட், எரிபொருள் மிஞ்சினால் 0.9 வோல்ட் என்று அது தெரிவிக்கும். சீரான ஓட்டத்தில் கணிப்பொறி இதைக் கேட்டே நடக்கிறது. பொய்ச்செய்தியால் கூடிய 7 விழுக்காடு, இவ்வுணரியின் சொல்லால் கழிக்கப்பட்டுவிடும். கைமுறுக்கை முழுதும் திறக்கும்போது மட்டும் கணிப்பொறி உணரியை விடுத்து, தன்னிடமுள்ள அட்டவணையைப் பின்பற்றும். அங்கே கூடுதல் எரிபொருள் நிலைக்கும். ஆயின் மிகுவிசை கிட்டுவது ஒன்றுக்கு 13 என்னும் விகிதத்தின் அருகில். அவ்வளவைப் பெரும்பாலும் உற்பத்தியாளரே கொடுத்துவிட்டிருப்பார். அதற்கு மேல் ஊற்றுவது வீண்.

எனில், ஓட்டுநர்கள் உணரும் மென்மை வெறும் மனமயக்கா? அன்று. சட்டென்று திருகும் அந்தக் கணத்தில் உணரியின் திருத்தம் வந்து சேருமுன் கூடுதல் எரிபொருள் உருளையை எட்டிவிடுகிறது. திக்கல் குறைவது உண்மையே.

பவர் கமாண்டர் போன்றவை வேறு வகை. கணிப்பொறிக்கும் செலுத்திக்கும் இடையே அமர்ந்து, திறப்பு நேரத்தையே மாற்றுபவை. புகைபோக்கியும் காற்று வடிகட்டியும் மாற்றப்பட்ட வண்டியை டைனோ என்னும் விசையளவு மேடையில் ஏற்றி, அளந்து அளந்து திருத்தினால் அவை மெய்யாகவே பயன் தரும். உயிர்வளி உணரியின் செய்தியையே திரித்து, சீரான ஓட்டத்திலும் எரிபொருளைக் கூட்டும் மூன்றாம் வகைதான் எனக்குக் கவலை தருவது. புகைபோக்கியிலுள்ள வினையூக்கி மாற்றி, சரியான கலவைக்கு மிக நெருங்கிய குறுகிய எல்லைக்குள்தான் முழுத்திறனோடு பணியாற்றும். எரிபொருள் மிகுந்தால் கார்பன் மோனாக்சைடு மாறாமலே வெளியேறும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் கொண்டுவந்த தூய்மை அங்கே கரைந்துபோகிறது. சிக்னலில் நமக்குப் பின்னே நிற்பவர்தான் அதை மூச்சாக இழுக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5 அளவுக்கு இறங்கிவிடும். அந்த வேறுபாட்டை ஈடுகட்டித் தருவதும் இதே உயிர்வளி உணரிதான். அதை ஏமாற்றுவது நம் கண்ணையே கட்டிக்கொள்வதாகும்.

நண்பரின் வண்டியில் சோதனைக்கருவியை இணைத்துப் பார்த்தோம். நண்பர் வாங்கிய கருவியை மாட்டுமுன், உயிர்வளி உணரியின் திருத்த எண் கூட்டல் 9 விழுக்காடு. மாட்டியபின் கூட்டல் 2. அந்த 9தான் என்னை உறுத்தியது. வண்டி முன்பே எரிபொருள் கேட்டு நின்றிருக்கிறது. விளக்கொளியில் உள்வழிக் குழாயின் ரப்பரை வளைத்துப் பார்த்தேன். கவ்விக்கு அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கணக்கில் வராத காற்று அவ்வழியே நுழைந்துகொண்டிருந்தது. புதிய ரப்பர் பூட்டி, கருவியைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். எண் சுழியத்தை ஒட்டியே ஆடியது. மூன்றாம் கியரில் வண்டி திக்கவில்லை.