கஞ்சாப் பூக்களை உலர்த்துதலும் பதப்படுத்துதலும்

கஞ்சாச் செடியின் பெண் பூக்கதிர்களை அறுவடைக்குப் பின் கெடாமல் வைப்பதற்காகச் செய்யப்படும் இரு கட்ட வேலை உலர்த்துதலும் பதப்படுத்துதலும் ஆகும். பச்சைப் பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீரே உள்ளது. அதை ஏறத்தாழ 10–12 விழுக்காடாகக் குறைப்பது உலர்த்துதல். எஞ்சிய ஈரத்தைப் பூ முழுவதும் சீராகப் பரவவிட்டு, மூடிய கலத்தில் சில வாரங்கள் வைத்திருப்பது பதப்படுத்துதல். 100 கிராம் பச்சைப் பூ காய்ந்தபின் 20 முதல் 25 கிராம் வரையே இருக்கும்.

சட்ட நிலை

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ள கஞ்சாச் சட்டம், ஒரு வீட்டில் 4 செடிகள் வரை வளர்க்க வயது வந்தோரை அனுமதிக்கிறது. கியூபெக் மாகாணம் இதைத் தடை செய்துள்ளது. அத்தடை செல்லும் என்று 2023-இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செருமனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 3 செடிகள் வரை வளர்க்கலாம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி செடியை வளர்ப்பதும் பூவை வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும்.

உலர்த்துதல்

அறுத்த கிளைகள் இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிடப்படுகின்றன. வெப்பநிலை 15–21 °செ, சார்பு ஈரப்பதம் 50–60 விழுக்காடு என்ற அளவில் அறை பேணப்படுகிறது. காற்று அறைக்குள் மெல்லச் சுழல வேண்டும். மின்விசிறி நேராகப் பூவின் மேல் வீசக்கூடாது. இந்நிலையில் காய்வதற்கு 7 முதல் 14 நாட்கள் ஆகும். மெல்லிய காம்பை வளைத்தால் துவளாமல் ஒடிவது காய்ந்ததன் அடையாளம்.

வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ விரைந்து உலர்த்தினால் மேற்புறம் மொறுமொறுப்பாகி உள்ளே ஈரம் தங்கிவிடும். மணம் தரும் தெர்ப்பீன்களும் ஆவியாகிவிடும். மிக மெதுவாக உலர்ந்தாலோ பூஞ்சை பிடிக்கும். ஆகவே இவ்வேலை முழுவதும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதையே சார்ந்துள்ளது.

பதப்படுத்துதல்

காய்ந்த பூக்கள் கண்ணாடிச் சாடிகளில் முக்கால் பங்கு வரை நிரப்பி இறுக மூடப்படுகின்றன. பூவின் நடுவிலுள்ள ஈரம் மெல்ல வெளிப்புறம் நோக்கிப் பரவும். முதல் வாரத்தில் நாள்தோறும் சில நிமிடங்கள் மூடி திறக்கப்படுகிறது. பிறகு இடைவெளி கூட்டப்படுகிறது. சாடிக்குள் வைக்கப்படும் சிறிய ஈரப்பதமானி 58–62 விழுக்காடு காட்டினால் போதுமானது. 65-ஐத் தாண்டினால் பூக்களை வெளியே எடுத்து மீண்டும் உலர்த்த வேண்டும். அம்மோனியா போன்ற நெடி வீசினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று பொருள். இக்கட்டம் பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் நீடிக்கும்.

வேதி மாற்றங்கள்

பச்சைப் பூவில் போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் மிகக் குறைவு. பெரும்பகுதி அதன் அமில வடிவிலேயே உள்ளது. சூடுபடும்போது அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து போதைப் பொருளாக மாறுகிறது. ஒளியும் ஆக்சிசனும் பட்டால் அது சிதைந்து கன்னாபினாலாகிறது. சேமிப்பில் ஏற்படும் இழப்புக்கு ஒளியே முதன்மைக் காரணம் என்று இலண்டனில் நடந்து 1976-இல் வெளியான ஆய்வு காட்டியது. சாடிகள் இருளில் வைக்கப்படுவது இதனால்தான்.

பூஞ்சை ஆபத்து

சாம்பல் பூஞ்சை தடித்த பூக்கதிரின் நடுவில் தொடங்குவதால் வெளியில் தெரிவதற்குள் உட்பகுதி அழுகியிருக்கும். அசுபெர்சில்லசு பூஞ்சையின் வித்துகள் இன்னும் கேடானவை. புகைக்கும் சூட்டில் அவை முற்றிலும் அழிவதில்லை; நுரையீரலை அடைந்து, நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கக்கூடும். புற்றுநோய் மருத்துவம் பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் இதில் அடங்குவர். வலியைத் தணிக்கக் கஞ்சாவை நாடுவோரில் இத்தகையவர்களும் உண்டு.

கனடாவில் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்கள் விற்கும் பூக்கள் நுண்ணுயிர்ச் சோதனைக்கு உட்பட்டவை. வீட்டில் காய்ந்தவற்றுக்கு அச்சோதனை இல்லை. பூஞ்சை பட்ட பகுதியை மட்டும் கிள்ளி எறிவது போதாது. அந்தச் சாடியிலுள்ள அனைத்தையும் அப்புறப்படுத்துவதே பாதுகாப்பானது.

சேமிப்பு

பதப்படுத்திய பூக்கள் காற்றுப் புகாத கலத்தில், குளிர்ந்த இருண்ட இடத்தில் வைக்கப்படுகின்றன. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் தவறுதலாக உட்கொண்டால் நஞ்சாகும் என்பதால் பூட்டிய அலமாரியே ஏற்றது.