இஸ்லாத்தைப் போதித்தற்கு உரியவர் யாவர்?

ஒரு சமயத்தைக் கற்பித்தற்கு உரியவர் யாவர் என்னும் வினா சைவ மக்களுக்குப் புதியதன்று. சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என முறையே பெற்று, ஆசாரியாபிஷேகமும் பெற்றவரே திருக்கோயிற் கிரியைகளுக்கும் பிறரைத் தீட்சித்தற்கும் உரியவர் என்பது ஆகமங்களின் துணிபு. ஆகமக் கிரியைகளை விளக்கி நூல்கள் எழுதிய அச்சுவேலிக் குமாரசுவாமிக் குருக்கள் போன்றோர் அம்மரபிலே வந்தவர்கள். எனினும், 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கிய ஆறுமுகநாவலர் ஆசாரியாபிஷேகம் பெற்றவர் அல்லர். கல்வியும் ஒழுக்கமும் நாவன்மையுமே அவர்க்கு அவ்வுரிமையை அளித்தன. ஆகவே, கிரியை செய்யும் உரிமை வேறு, பொருள் விளக்கும் உரிமை வேறு என்பது சைவ உலகம் அனுபவத்தால் அறிந்த உண்மை. இவ்விரண்டனுள் முதலாவது இஸ்லாத்தில் ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். அதனாலேதான் இரண்டாவதைப் பற்றிய வழக்கு அங்கே மிகுதியாயிற்று.

இஸ்லாத்திலே குருத்துவம் என ஒன்று இல்லை. பள்ளிவாசலிலே தொழுகையை முன்னின்று நடத்துபவர் இமாம் எனப்படுவார். குர்ஆனைச் செவ்வனே ஓத வல்ல, நல்லொழுக்கமுடைய எவரும் அவ்விடத்தில் நிற்கலாம். அவர்க்குத் தீட்சையும் இல்லை, அபிஷேகமும் இல்லை. ஆனால், மார்க்கச் சட்டத்தை எடுத்துரைத்தலும் குர்ஆனுக்குப் பொருள் கூறுதலும் அத்துணை எளியவாகக் கருதப்படவில்லை. அவற்றுக்கு ‘ஆலிம்’ வேண்டும். ஆலிம் என்பதற்குக் கற்றவன் என்பதே பொருள். அதன் பன்மையே உலமா. கற்றவன் என்பதை எவ்வாறு அறிவது? நபிகள் நாயகத்தின் வாக்கு இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் எனச் சங்கிலித் தொடராக வந்ததைப் போல, கல்வியும் ஆசிரியரிடமிருந்து மாணவனுக்கு வருதல் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. ஒரு நூலைத் தம்மிடம் முற்றக் கேட்டுத் தெளிந்த மாணவனுக்கு, அதனைப் பிறர்க்குக் கற்பிக்கலாம் என ஆசிரியர் கொடுக்கும் அனுமதி ‘இஜாஸத்’ எனப்படும். பழங்காலத்தில் அவ்வனுமதி நூலுக்கு நூல் தனித்தனியே கொடுக்கப்பட்டது. கல்விச்சாலை கொடுப்பதன்று, ஆசிரியர் கொடுப்பது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நபிகளாரின் துணைவியாரான ஆயிஷா நாயகியார் பல ஹதீஸ்களை அறிவித்தவராதலின், பெண்டிரும் அச்சங்கிலியிற் கண்ணியாயினர். காயல்பட்டினத்திலே பெண்களுக்கெனவே தைக்காக்கள் இருப்பதும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது.

பிற்காலத்திலே ஆசிரியரின் இடத்தை அறபுக் கல்லூரிகள் பெற்றன. தமிழ் முஸ்லிம்களிடையே ஒருவர் பெயரின் ஈற்றைப் பார்த்தே அவர் கற்ற இடத்தை அறிந்துகொள்ளலாம். வேலூர்ப் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்திலே கற்றவர் பாகவி. உமராபாத்திலே கற்றவர் உமரி. 1973இல் பேருவளையில் நிறுவப்பட்ட ஜாமிஆ நளீமிய்யாவிலே கற்றவர் நளீமி. பெயருக்குப் பின்னே ‘பி. ஏ. (லண்டன்)’ எனப் போட்டுக்கொள்வதிற் பெருமை கண்ட யாழ்ப்பாணத்தார் இவ்வழக்கத்தைக் கண்டு வியக்கவேண்டியதில்லை.

ஆலிம் அறபு வல்லவர். கேட்கும் மக்களோ தமிழர். இவ்விடத்திலேதான் தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் உரிய சிக்கல் தோன்றுகின்றது. சீறாப்புராணம் பிறந்த வரலாறாகச் செவிவழி வழங்கும் செய்தியொன்று அதனை நன்கு காட்டும். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்க விரும்பிய வள்ளல் சீதக்காதி, உமறுப்புலவரைச் சதக்கத்துல்லா அப்பாவிடம் அனுப்பினார். அப்பாவோ, பிற சமயப் புலவர்போன்ற புலவரின் கோலத்தைக் கண்டு, வரலாற்றை எடுத்துரைக்க மறுத்தார். பின்னர்க் கனவிலே கட்டளை கிடைத்ததன்மேல் மனமிரங்கினார் என்பர். கனவை நம்புவோர் நம்புக. மறுப்பு மட்டும் முற்றும் நம்பத்தக்கதாகவே இருக்கின்றது. அறபிலுள்ள செய்தி அப்பாவிடம் இருந்தது. அதனைச் சொல்லும் தமிழ் உமறுவிடம் இருந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அப்பெருங்காப்பியம் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதன் பயன். உமறுப்புலவர் ஆலிம் என ஒருவரும் சொல்லார். ஆயினும், எத்தனையோ தலைமுறைத் தமிழ் முஸ்லிம்கள் நபிகளாரின் வாழ்வை அவர் வாயிலாகவே கேட்டறிந்தனர்.

இவ்விடர்ப்பாட்டை ஆலிம்களே தீர்க்க முயன்றதும் உண்டு. அறபெழுத்திலே தமிழை எழுதும் அறபுத்தமிழ் அவ்வாறு வளர்ந்தது. காயல்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அறபுத்தமிழிலே மார்க்கச் சட்ட நூல்களை இயற்றினார். ஈழத்துக்குப் பன்முறை வந்து பள்ளிவாசல்களையும் தைக்காக்களையும் ஏற்படுத்தினார். குர்ஆன் ஓதக் கற்ற அளவிலே எழுத்துத் தெரிந்த ஆணும் பெண்ணும், தமிழ் நெடுங்கணக்கு அறியாதவராயினும், அந்நூல்களை வாசித்துத் தம் கடமைகளை அறிந்தனர். ஆசிரியரின் அதிகாரம் நூலுக்கு மாறியதில் இஃது ஒரு பெரும்படி எனலாம்.

அவரது காலத்தவரே கண்டியைச் சேர்ந்த மு. கா. சித்திலெப்பை (1838–1898). இவர் அறபுக் கல்லூரியின் பட்டம் பெற்றவர் அல்லர், சட்டத்தரணி. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழிலே தொடங்கி, முஸ்லிம் பிள்ளைகள் அறபோடு ஆங்கிலமும் கற்கவேண்டும் என வற்புறுத்தினார். ஆங்கிலங் கற்றாற் பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் எனப் பெரியோர் பலர் அஞ்சி எதிர்த்தனர். மிஷன் பாடசாலைகளைக் கண்டு அஞ்சிய யாழ்ப்பாணத்தார்க்கு அவ்வச்சம் விளங்காததன்று. நாவலரைப் போலவே சித்திலெப்பையும் எதிர்த்தார் கையிலிருந்த கருவியைத் தமதாக்கிக்கொள்ள முனைந்தார். 1892இல் மருதானையிலே தோன்றிய ஸாஹிறாக் கல்லூரி அம்முயற்சியின் கனி. மெய்ஞ்ஞானப் பொருள்களை ஆராய்ந்து 1897இல் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்னும் நூலையும் வெளியிட்டார். சட்டத்தரணி ஒருவர் இத்தகைய பொருளில் எழுதலாமா என்று கேட்பதிலும், அவர் எழுதியது சரியா என்று கேட்பதே தகுதியான வினா. முதல் வினாவைக் கேட்போர் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்பதில்லை.

அவ்வழியிலே யாழ்ப்பாணம் அளித்த பெரியார் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் (1911–1973). வண்ணார்பண்ணையிற் பிறந்து, இளமையிற் குர்ஆனை ஓதிப் பயின்று, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். 1935இல் இலங்கை சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் இவரே. 1948 முதல் 1961 வரை ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தார். ‘இலங்கையில் இஸ்லாம்’ என்னும் அவரது நூல் 1963இல் வெளிவந்தது. அஸீஸ் பத்வா கொடுத்தவர் அல்லர். கொடுக்க முற்பட்டவரும் அல்லர். தொழுகையின் விதிகளை ஆலிமிடம் விட்டு, ஒரு சமுதாயம் எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு வாழவேண்டும் என்பதையே எழுதினார். தம் எல்லையை அறிந்து நிற்றலும் ஒரு தகுதியே. முழுவதும் இந்துச் சூழலில் அமைந்த பள்ளிகளிலே பயின்றவர் தம் மார்க்கத்தின் வரலாற்றை இத்துணைத் தெளிவாகத் தமிழில் எழுதியது இந்துக் கல்லூரியும் உரிமை பாராட்டத்தக்க செய்தி.

அரசாங்கத்தின் சட்டமோ இவ்வினாவுக்கு வேறொரு விடை கூறிற்று. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி நீதிபதியாக நியமிக்கப்படுபவர் நன்னடத்தையும் மதிப்பும் தக்க தேர்ச்சியும் உடைய முஸ்லிம் ஆடவராக இருத்தல் வேண்டும் என்றது. தக்க தேர்ச்சி எதுவென அது விரிக்கவில்லை. ஆலிமாக இருக்கவேண்டும் என்றும் விதிக்கவில்லை. குடும்பங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் வல்ல பதவிக்கு இத்துணை நெகிழ்வான வரையறை போதுமா என்பதும், ஆடவர் மட்டுமே என்னும் விதி நியாயமா என்பதும் முஸ்லிம் பெண்கள் நெடுங்காலமாக எழுப்பிய வினாக்கள். அவற்றை மார்க்கத்துக்கு எதிரான வினாக்களெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, இவ்வாராய்ச்சி ஏட்டை விட்டு வீதிக்கு வந்தது. அக்கொடுமைக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியிலே அறபுக் கல்லூரியொன்றிற் கற்கையில், கல்வி முற்றுமுன் நீக்கப்பட்டவன். இஜாஸத்து இல்லாத அவனுக்கு ஒலிபெருக்கியும் இணையமும் மேடையாயின. காத்தான்குடி முஸ்லிம்கள் அவனைப் பற்றி முன்னரே முறையிட்டிருந்தனர் என்பதை மறத்தலாகாது. சனது உடையவர் எல்லாரும் நேரியர் என்பது இதனாற் பெறப்படாது. பட்டம் பெற்றுத் தவறாகப் போதித்தவரும் எல்லாச் சமயங்களிலும் உளர். ஆசிரியர் தொடர்புடையவனை, ‘இதனை யாரிடம் கற்றாய்?’ என்று கேட்கலாம், அவன் ஆசிரியரிடமே சென்று முறையிடலாம் என்னும் அளவிலேதான் பழைய முறையின் பயன் இருக்கின்றது. தானே தன் ஆசிரியனானவனிடம் அவ்வாறு கேட்டற்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்திலே அத்தொடர்பு வேறொரு வகையால் அறுந்தது. 1990ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில், யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினர். அம்மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறக்குறைய 75,000 பேர். சோனகதெருப் பள்ளிவாசல்களில் ஓதுவித்த லெப்பைமாரும் ஓதிய பிள்ளைகளும் ஒருங்கே அகதிகளாயினர். மிகப் பலர் புத்தளத்திற் குடியேறினர். 1963இல் நிறுவப்பட்ட ஒஸ்மானியாக் கல்லூரி அன்று மூடுண்டு, பின்னாளில் மீளத் திறக்கப்பட்டது. திரும்பியோர் சிலரே. அவர்தம் பிள்ளைகள் காலையிற் பாடசாலையில் அரசாங்கப் பாடநூல்வழி இஸ்லாத்தைக் கற்பர். மாலையிற் பள்ளிவாசலிற் குர்ஆன் ஓதுவர். தந்தைக்கு ஓதுவித்தவரே மகனுக்கும் ஓதுவித்த பழைய வழக்கம், புத்தளத்திற் பிறந்து யாழ்ப்பாணம் வந்த பிள்ளைகளுட் பலர்க்கு வாய்க்கவில்லை.