சுருட்டுப் புகை காட்டிய வெள்ளி

காந்தத்தின் ஊடே வெள்ளி அணுக்களைப் பாய்ச்சிப் பிடித்த கண்ணாடித் தட்டில் ஒன்றுமே தெரியவில்லை. இயற்பியலாளர் வால்டர் கெர்லாக் அதை உடன் ஆய்வு செய்த ஓட்டோ ஸ்டெர்னிடம் கொடுத்தார். இருவரும் உற்றுப் பார்க்கப் பார்க்க, வெள்ளிப் படிவு கறுத்து வெளிப்பட்டது. ஸ்டெர்ன் வாங்கிய சொற்பச் சம்பளத்துக்கு மலிவுச் சுருட்டுதான் கட்டுப்படியாகும். அதன் புகையில் கந்தகம் அதிகம். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும்.

ஸ்டெர்ன் 1888-இல் அன்றைய ஜெர்மனியின் சொராவ் நகரில் பிறந்தவர். 1912-இல் முனைவர் பட்டம் பெற்றதும் பிராக் சென்று ஐன்ஸ்டைனிடம் சேர்ந்தார். அவரோடு சூரிச்சுக்கும் போனார். மறு ஆண்டு நீல்ஸ் போரின் அணுக்கொள்கை வெளியானது. அது சரியென்றால் இயற்பியலையே விட்டுவிடுவதாக ஸ்டெர்னும் மாக்ஸ் ஃபான் லாவேயும் சபதம் போட்டார்கள். சபதத்தோடு நிற்காமல், சோதித்துப் பார்க்கவும் துணிந்தார் ஸ்டெர்ன்.

காந்தப்புலத்தில் அணு நினைத்த பக்கமெல்லாம் சாயாது, குறிப்பிட்ட சில திசைகளில்தான் நிற்கும் என்றது அந்தக் கொள்கை. ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளியை வெற்றிடத்தில் ஆவியாக்கி, தலைமுடியைவிட மெல்லிய பிளவு வழியே கற்றையாக விட்டார்கள். பழைய இயற்பியல் சரியென்றால் தட்டில் வெள்ளி ஒரே பட்டையாகப் பரவ வேண்டும்; போர் சொன்னது சரியென்றால் பிரிந்து விழ வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் ஆய்வுக்குப் பணமில்லை. இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் கட்டணச் சொற்பொழிவு நடத்திக் காசு சேர்த்தார்.

1922 பிப்ரவரியில் கற்றை இரண்டாகப் பிரிந்தது. அதற்குள் ஸ்டெர்ன் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். கெர்லாக் படத்தை அஞ்சலட்டையில் நீல்ஸ் போருக்கு அனுப்பி வாழ்த்துச் சொன்னார். பிரிவுக்கு உண்மைக் காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சி என்பது பின்னர்தான் விளங்கியது. சபதப்படி ஸ்டெர்ன் இயற்பியலை விட்டிருக்க வேண்டும், விடவில்லை.

1923-இல் ஹாம்பர்க் சென்றார். புரோட்டானின் காந்தத்திறன் கணக்குப் போட்டே தெரிந்த விஷயம், அளப்பது வீண்வேலை என்றார்கள் கோட்பாட்டாளர்கள். ஓட்டோ ஃபிரிஷ், இம்மானுவேல் எஸ்டர்மன் ஆகியோருடன் 1933-இல் அளந்தார். கணக்கைவிட இரண்டரை மடங்கு வந்தது! புரோட்டான் எளிய துகள் அல்ல என்பதற்கு அது முதல் தடயம்.

அதே ஆண்டு நாஜி ஆட்சி யூத ஆய்வாளர்களை வேலைநீக்கம் செய்தது. யூதரான ஸ்டெர்ன் பதவி விலகி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குப் போனார். ஹாம்பர்கில் அவரிடம் கற்ற ஐசிடோர் ராபி, கற்றை முறையை வளர்த்துக் காந்த ஒத்ததிர்வை அளந்தார். இன்றைய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அந்த வழியில் வந்ததுதான்.

ஸ்டெர்னுக்கு 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. மூலக்கூற்றுக் கற்றை முறைக்கும் புரோட்டான் அளவீட்டுக்கும் என்றது பரிசுக் குறிப்பு. 1922 சோதனையின் பெயர் அதில் இல்லை. கெர்லாக்குக்கு நோபல் கடைசிவரை கிடைக்கவில்லை.