சித்தூர்: ஒரே மண், பல வேகம்

பேட்டரி ஆலையும் லட்டு மடப்பள்ளியும் வெவ்வேறு வழிகளில் முன்னேறுகின்றன. மாந்தோப்பு மட்டும் தவிக்கிறது.

2025 ஜூனில் சித்தூர் மாவட்ட மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. ஏற்றியிருந்தது, கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா என்று அழைக்கப்படும் கிளிமூக்கு மாங்காய். விளைச்சல் அமோகம், விலையோ படுபாதாளம். ஆலைகள் கிலோவுக்கு ரூ. 8, அரசு ரூ. 4 என மொத்தம் ரூ. 12 கிடைக்க ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. வெளிமாநிலக் காய்களுக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா தடையை நீக்கக் கோரிக் கடிதம் எழுதினார்.

திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் காட்சியே வேறு. சித்தூர் மாவட்டத்தின் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்து, அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கியது அமர ராஜா. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிகளில் ஆரம்பித்த நிறுவனம், 1997இல் அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸுடன் கைகோத்தது. 2000இல் அமரான் கார் பேட்டரி வந்தது. இங்கே உற்பத்தித்திறனை உயர்த்தியவை இயந்திரமும் தொழில்நுட்பமும்.

எல்லாத் தொழிலுக்கும் இதுவே வழியல்ல. அதிக இயந்திரம் கொடுத்தால் தொழிலாளியின் உற்பத்தி கூடும். படிப்பும் பயிற்சியும் கொடுத்தாலும் கூடும். வேலையைச் சீராக அமைத்தாலே கூடுவதும் உண்டு. 1957இல் பொருளாதார நிபுணர் ராபர்ட் சோலோ அமெரிக்கக் கணக்குகளை அலசி, தலைக்கு உற்பத்தி உயர்ந்ததில் இயந்திரப் பெருக்கத்தின் பங்கு எட்டில் ஒன்றுதான் என்று காட்டினார். இந்தியாவில் 27 தொழில்துறைகளுக்கு இத்தகைய கணக்கை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது.

சீராக அமைப்பதற்கு உதாரணம் திருமலை. தினமும் லட்சக்கணக்கான லட்டுகளை உருட்டுபவை இன்றும் மனிதக் கைகளே. ஆனால் மடப்பள்ளியிலிருந்து சுமந்து செல்லும் வேலையை கன்வேயர் பார்க்கிறது. பக்தர் கூட்டத்தை நேரம் குறித்த டோக்கன் பிரிக்கிறது. முடி இறக்கும் கல்யாணகட்டாவில் மட்டும் அன்று போலவே ஒரு தலைக்கு ஒரு கத்தி, ஒரு நாவிதர்.

இன்னொரு வழி, ஆளே இடம் மாறுவது. சத்தியவேடு அருகே 2008இல் உருவான ஸ்ரீசிட்டியில் இசுஸு வாகன ஆலை 2016இல் திறந்தது. 2015இல் அங்கே தொடங்கிய பாக்ஸ்கான் செல்போன் தயாரிப்பு, சுற்றுவட்டாரப் பெண்களுக்கு வேலை கொடுத்தது. வயலை விட்டு ஆலைக்குள் நுழைந்த உடனேயே ஒருவரின் உற்பத்தி மதிப்பு ஏறிவிடுகிறது. 2023-24இல் நாட்டின் தொழிலாளர்களில் 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தனர். உற்பத்தி மதிப்பில் அத்துறையின் பங்கோ சுமார் 18 சதவீதம்தான்.

எல்லோரும் ஆலைக்குப் போய்விட முடியாது. தோப்பில் இருப்பவருக்கு விளைச்சல் கூடினால் விலை இறங்குகிறது. அத்தனை காயும் ஒரே பருவத்தில் முற்றுகிறது. கூழாக்கும் ஆலைகளின் கொள்ளளவுக்கோ எல்லை உண்டு. விற்காத பேட்டரியைக் கிடங்கில் அடுக்கலாம். பறித்த மாங்காய் காத்திருக்காது. டிராக்டரில் இருப்பவர்தான் காத்திருக்க வேண்டும்.