மண்ணிற் சிந்தும் எண்ணெயும் கரைப்பான்களும்

நீரிறைக்கும் யந்திரத்திலிருந்து டீசல் சிந்திய இடத்தில் முதலிற் புல் கருகும். சில மாதங்களின் பின்னர் அங்கே மீண்டும் புல் முளைத்திருக்கக் காணலாம். இதனைக் கண்ட கமக்காரர் பலர், மண் எதனையும் தின்று தீர்த்துவிடும் என நம்புகின்றனர். இந்நம்பிக்கையிற் பாதி உண்மை. மற்றப் பாதி கிணற்றுக்கு ஆபத்தானது.

டீசல், மண்ணெண்ணெய் மட்டுமன்றி, தண்ணீரிற் கலந்ததும் பால்போல் வெளுக்கும் பீடைநாசினிகள் பலவற்றிலும் சைலீன் போன்ற கரைப்பான் உண்டு. சிந்தியதில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். எஞ்சியதை உண்பவை மண்ணிலுள்ள பற்றீரியாக்களும் பங்கசுக்களுமாகும். ஆயினும் அவற்றுக்கும் இது நஞ்சே. பற்றீரியாவைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு பெரிதும் கொழுப்பினாலானது. கரைப்பான் அதனுட் புகுந்து இளகச் செய்ய, உள்ளிருப்பவை கசிந்து உயிர் போகும். தொலுயீன் என்னும் கரைப்பான் நீரில் ஆயிரத்திலொரு பங்கு இருப்பினும் பெரும்பாலான நுண்ணுயிர்கள் மடியும்.

1989 ஆம் ஆண்டில் இனோவே, ஹொரிகோஷி என்னும் ஜப்பானிய விஞ்ஞானிகள், பாதிக்குப் பாதி தொலுயீன் ஊற்றிய திரவத்திலும் வளரும் சூடோமோனாசு பற்றீரியா ஒன்றை அறிவித்தனர். வியப்பு என்னவெனில், அது தொலுயீனைத் தாங்கியதேயன்றி உண்ணவில்லை. தாங்குதல் வேறு, சிதைத்தல் வேறு. இரண்டும் வல்ல வேறோர் இனம் 1995 இல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகளால் விவரிக்கப்பட்டது.

தாங்கும் வகை இதுவாகும். வளைந்த தடிகளால் அடைத்த வேலியில் இடைவெளி விழும். நேரான தடிகள் நெருங்கி நிற்கும். பற்றீரியாவும் சில நிமிடங்களுக்குள் தன் மென்சவ்விலுள்ள வளைந்த கொழுப்பமிலங்களை நேரானவையாக மாற்றிச் சவ்வை இறுக்குகின்றது. அப்படியும் உட்புகும் கரைப்பானை, ஓட்டை வள்ளத்தில் நீரை இறைப்பதுபோல் இடையறாது வெளியே தள்ளுகின்றது. ஸ்பெயின் இனத்தில் இத்தகைய பம்பிகள் மூன்று உள. இவ்வேலைக்குச் செலவாகும் சக்தி மிகுதி.

சிதைப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். தொலுயீனின் வளையத்தில் நொதியமொன்று ஒட்சிசனைப் புகுத்த, வளையம் உடைந்து சிறு அமிலங்களாகி, முடிவிற் காபனீரொட்சைட்டும் நீருமாகும். நீர் தேங்கிய வயலிலோ மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றருக்குக் கீழே ஒட்சிசன் இல்லை. அங்கும் சிதைவு நிகழும். ஆனால் மிக மெதுவாக.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் செம்மண்ணின் கீழே வெடிப்புள்ள சுண்ணக்கல் உண்டு. நுண்ணுயிர்கள் உண்டு முடிக்குமுன் எண்ணெய் கிணற்றை அடைந்துவிடலாம். சுன்னாகம் மின்னிலையத்தை அண்டிய கிணறுகள் எண்ணெயால் மாசுற்ற வழக்கில், 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. பணம் கிடைத்தாலும் கிணறு உடனே தெளிந்துவிடாது.

ஆகவே டீசல் சிந்தியவுடன் மரத்தூள் அல்லது உலர்ந்த மணலிட்டு உறிஞ்சச் செய்க. நீரூற்றிக் கழுவுதல் ஆகாது. அது எண்ணெயைக் கீழே இறக்கும். நனைந்த மண்ணை வெட்டியெடுத்து, கிணற்றுக்குத் தொலைவில், மழைநீர் ஓடாத மேட்டில் நீர் புகாத விரிப்பின்மேல் மெல்லியதாகப் பரப்பி, வாரந்தோறும் புரட்டுக. பச்சை வைக்கோலைத் தாழ்த்த வயலிற் பயிர் மஞ்சளாவதைக் கமக்காரர் அறிவர். நுண்ணுயிர்கள் நைதரசனை எடுத்துக்கொள்வதே காரணம். எண்ணெயிலும் காபன் மிகுதி, நைதரசன் அரிது. ஆதலால் மக்கிய எருவும் சிறிது யூரியாவும் கலந்து, ஈரம் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்க.

பீடைநாசினி சிந்திய மண்ணுக்கு இம்முறை போதாது. சைலீன் மறைந்தபின்னும் நஞ்சு தங்கியிருக்கலாம். தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவற்க. கழுவிய நீரை மருந்து தெளித்த பயிருக்கே தெளித்துவிடுக. கிணற்று நீரில் எண்ணெய் மணம் தோன்றினால் குடிப்பதை நிறுத்தி, நீரைப் பரிசோதிப்பிக்க வேண்டும். மணம் நீங்கியது என்பதை மட்டும் கொண்டு மீண்டும் குடிக்கத் தொடங்குதல் தகாது.